பனங்காட்டில் அழுத பிள்ளை

வண்டிக்குள் என் மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கூண்டின் மூங்கில் வளைவில் பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டி அதில் போட்டிருந்தேன். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினவள், வாயோரம் ஒரு துளி பால் இன்னும் காயவில்லை. எனக்கும் கண் சொக்கியது. அப்போதுதான் என் மார் நனைந்தது.

கைபட்டு நனையவில்லை. தானாகச் சுரந்து, முந்தானையைத் தாண்டி மடிவரை வழிந்தது. சற்று நேரம் கழித்துத்தான் அந்த அழுகை காதில் விழுந்தது. முதலில் பால், பிறகு சத்தம். இந்த வயதிலும் படுத்துக்கொண்டே அதை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்க்கிறேன். வரிசை மாறவே இல்லை.

நாங்குநேரிக்கு வடக்கே ஒரு குளக்கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை அவிழ்த்திருந்தோம். ஐப்பசி மாதம், உச்சிப்பொழுது. மழை பெய்து ஓய்ந்து, வானம் இறக்கமாக மூடிக் கிடந்தது. கரைக்கு மேற்கே ஒரு பனங்காடு. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

"மாமா, பிள்ளை அழுது" என்றேன்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. தீபாவளிக்கு என்னை அழைத்துப்போக வந்தவர். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். அன்றைக்கு ஒரே சொல்லில் முடித்தார்.

"அழலை" என்றார். கை மட்டும் கழுத்து உருத்திராட்சத்தைப் பிடித்திருந்தது.

வண்டிக்காரர் சுடலை, மாடுகள் தண்ணீரிலிருந்து வாயை எடுக்கும் முன்பே கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, வண்டியக் கட்டிருதேன். இங்கன நிக்க வேண்டாம். உள்ள இருக்கது இசக்கி கோயிலு."

இதையெல்லாம் எழுதலாமா

இந்தத் தொடரை அஞ்சலில் போடுமுன் என் சின்ன மகன் ஒருமுறை வாசிப்பான். சரிபார்க்கிறானாம். இந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். "பால் கொடுத்ததை எல்லாம் வாரப் பத்திரிகையில் எழுதணுமா அம்மா?" என்றான்.

"நீ குடிக்கும்போது இந்தக் கூச்சம் எங்கே போச்சு?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். போகட்டும். சென்ற வாரம் என் கல்யாணச் சாப்பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதினேன், அதை ரசித்து வாசித்தான். எலும்பும் தோலுமாக இருந்தவனை மனுஷனாக்கின சாப்பாட்டைப் பற்றி எழுதினால் வெட்கமாம்.

எங்கள் காலத்தில் பிள்ளைக்காரி பயணம் போவதென்பது சின்னக் காரியம் இல்லை. என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் ராதாபுரம் பக்கம். செம்மண்ணும் பனையுமாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். பிறந்த ஊர் சீவலப்பேரி. ஆறுகள் ஒன்றுசேருகிற இடம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லும் வாய்க்காலும்தான். இரண்டுக்கும் நடுவே வழியில் தங்கித்தான் போகவேண்டும். மகள் பிறந்தபின் வந்த முதல் தீபாவளி. போகாமல் இருந்தால் பிறந்த வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல்.

என் மாமியார் வாசலில் நின்று சொல்லி அனுப்பிய சட்டங்களை எழுதினால் ஒரு புத்தகம் வரும். முச்சந்தியில் பால் கொடுக்காதே. சாப்பிடுகிறவர்கள் பார்க்கக் கொடுக்காதே. வெயிலில் வந்த மாருக்கு முதல் பால் சூட்டுப் பால், அதைப் பீச்சிவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கணும். பீச்சின பாலை எறும்பு மொய்க்கிற இடத்தில் விட்டால் பால் வற்றிப்போகும், செடி மூட்டில் ஊற்று. வழியில் யார் பலகாரம் தந்தாலும் வாயில் வைக்காதே. பூண்டும் வெந்தயமும் மட்டும் அவர்கள் கணக்கில் சாப்பாடு. மற்றவர்கள் அதிரசம் தின்ன, நான் பூண்டுக் குழம்பு தின்று தீபாவளி கொண்டாட வேண்டும். என்ன நியாயமோ.

இதற்கு மேல் மகள் கையில் வசம்பு, என் கையில் இரும்புக் காப்பு, வண்டியின் பின்பக்கம் வேப்பிலைக் கொத்து. இவ்வளவும் யாருக்குப் பயந்து என்று மாமியார் பெயர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லவும் வேண்டாம்.

அவள் கூப்பிடுகிற விதம்

இசக்கியை எங்கள் பக்கத்தில் கும்பிடாத ஊர் இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அவளுடைய உருவத்தைப் பார்த்தால் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். வாயில், பல்லுக்கு நடுவே, இன்னொரு பிள்ளை இருக்கும். பிள்ளை வரம் தருகிறவளும் அவள்தான், எடுத்துக்கொண்டு போகிறவளும் அவள்தான். வேண்டுதல் பலித்தவர்கள் மண்ணில் பிள்ளை செய்து அவள் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள்.

சுடலை மாடு பூட்டிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். "பச்சப் பிள்ளக்காரிய அவளுக்குத் தெரியும்மா. பிள்ள கொரல்ல கூப்பிடுவா. எங்க சித்தப்பன் பொண்டாட்டி இப்படித்தான் போனா. அங்கன போய்ப் பாத்தா வெறும் மண்ணு. வீட்டுக்குத் திரும்பி வந்தா தொட்டில்ல பிள்ள வெறைச்சுக் கெடக்கு. மாருல சொட்டுப் பால் இல்ல."

இதை இன்றைக்கு வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. நானும் முழுக்க நம்பினேன், நம்பிக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்கினேன்.

ஏன் இறங்கினாய் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். அந்த அழுகை கம்மியிருந்தது. வெகுநேரமாக அழுது, தொண்டை கட்டி, நடுவே நடுவே மூச்சு வாங்கி, மறுபடி முக்கி அழுகிற அழுகை அது. பேய்க்குத் தொண்டை கட்டாது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் என் தைரியம்.

"ஏட்டி, எறங்காதே. ஒன் பிள்ளைய நெனச்சுப் பாரு" என்றார் மாமா.

"அவளப் பாத்துக்கிடுங்க மாமா. தூளிய விட்டு நகராதீங்க" என்றேன்.

பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கரைச் சரிவில் ஒரு எல்லைக்கல் நட்டிருந்தது. அதுவரை வந்து நின்றுவிட்டார். என் பேரைச் சொல்லியும் கூப்பிடவில்லை. அந்த மாதிரி இடத்தில் பேர் சொன்னால் கேட்கவேண்டாதவள் கேட்டுக்கொள்வாள் என்று பயம்.

அசைந்த கை

பனங்காட்டுக்குள் காற்று கொஞ்சமும் இல்லை. பனையோலை எப்போதும் சடசடத்துக்கொண்டிருக்கும், அன்று அதுவும் இல்லை. ஈர மணலில் என் காலடி ஓசையே எனக்குக் கேட்கவில்லை. அழுகை மட்டும் வழிகாட்டியது. போகப் போக அதுவும் நின்றுவிட்டது.

நாலு பனைக்கு நடுவே கூரை இல்லாத கோயில். ஆள் உயரத்துக்கு இசக்கி நின்றாள். எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்த முகம். அவள் காலடியில் பிள்ளைகள். நான் ஒரு பிள்ளையைத் தேடிப் போனவள், அங்கே பார்த்த இடமெல்லாம் பிள்ளைகள். மல்லாந்து கிடந்தன. சிலதுக்குக் கை இல்லை, சிலதுக்கு முகம் மழையில் கரைந்து போயிருந்தது. எல்லாம் மண்.

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுடலை சொன்னதுபோல வெறும் மண்ணு. வண்டியில் என் மகள் என்ன ஆனாளோ என்று ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். அப்போது அந்தப் பிள்ளைகளில் ஒன்று கையை அசைத்தது.

நெல் புடைக்கிற சுளகு ஒன்றில், கிழிந்த வேட்டித் துண்டின்மேல் கிடந்தான். ஆண் பிள்ளை. பிறந்து ஒரு மாதம் இருக்கலாம். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டேன், ஈர மண்ணின் குளிர்ச்சி. வாய் திறந்துதான் இருந்தது, அழச் சத்தம் வரவில்லை.

அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. தூக்கி மடியில் போட்டு, இசக்கிக்கு முதுகைக் காட்டி அந்த மணலிலேயே உட்கார்ந்தேன். அவன் வாயைத் தேடி வைப்பதற்குள் பால் பீச்சி அவன் முகமெல்லாம் தெறித்தது. முதலில் நக்கினான். பிறகு பிடித்தான். பிடித்த பிடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பாள். இவன் கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

அப்போது எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

பின்னால் இருந்தவள் அவள் ஒருத்திதான். சிலையின் கையில் வளையல் போட்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை. திரும்பவும் முடியவில்லை. பிள்ளை குடிக்கிற சத்தமும் என் நெஞ்சு அடிக்கிற சத்தமும்தான் அந்தக் காட்டில் கேட்டன.

அந்தத் தீபாவளி

அந்த வருஷத் தீபாவளி எப்படிப் போனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் இருக்காது.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு அவளும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆனால் அன்று சீவலப்பேரி வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. போய்ச் சேர்ந்ததுமே மாமா வாசலில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பனங்காட்டில் யாரோ பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், பெற்றவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள் என்று நான் சொன்னது அவ்வளவுதான். அம்மா என்னைத் திட்டவில்லை. மகளை என் மடியிலிருந்து வாங்கி விளக்கு வெளிச்சத்தில் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். அதற்குத் திட்டே தேவலை.

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ஆற்றில் செந்தண்ணீர் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் ஓலைப் பட்டாசை நனையாமல் மடியில் பொத்தி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வெடித்தார்கள். சுசியமும் முறுக்கும் சுட்ட வாசனை வீடு முழுக்க. எனக்கு வழக்கம்போலப் பூண்டு. என் தங்கை அடுப்பாங்கரை இருட்டில் ஒரு அதிரசத்தைக் கையில் திணித்தாள். தின்றேன், ருசிக்கவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அங்கே இருந்த நாட்களில் உச்சிப்பொழுது ஆனால் என் மார் தானாக நனையும். மகள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். எங்கும் எந்தப் பிள்ளையும் அழுதிருக்காது. "பூண்டு வேலை செய்யுது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பீச்சின பாலைச் செம்பில் வாங்கிக்கொண்டுபோய் ஆற்றோடு விட்டாள். முருங்கை மூட்டில் ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ராதாபுரத்துக்குத் திரும்பும்போது மாமா வேறு வழியாகக் கூட்டிப்போனார். அந்தப் பிள்ளை வளர்ந்தானா, என்ன பெயர் வைத்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது.

தவிடு

வளையல் சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்து உட்கார்ந்திருந்தேன் அல்லவா. சற்றுப் பொறுத்து, பனைக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் வந்தது. சிலை விசும்பாது. அப்போதுதான் எனக்குச் சங்கதி பிடிபட்டது.

பிறக்கிற பிள்ளை எல்லாம் தங்காமல் போகிற வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த பிள்ளையைச் சுளகில் போட்டுக் கோயிலிலோ குப்பைமேட்டிலோ விட்டுவிடுவார்கள். பெற்றவர்கள் மறைந்துகொள்ள வேண்டும். வேறொருத்தி வந்து, கேட்பாரற்ற பிள்ளை என்று எடுத்து, பால் கொடுத்து, தன் பிள்ளை என்று சொல்லவேண்டும். பிறகு பெற்றவர்கள் நாழித் தவிடு கொடுத்து அவளிடம் விலைக்கு வாங்குவார்கள். இது அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது. உயிரை எடுக்க வருகிறவள் இதை விட்டுவிடுவாள். வருவது இசக்கியோ எமனோ, ஏய்க்கிற வித்தை அது.

பிள்ளையைச் சுளகிலிருந்து எடுக்கிறவளை முன்கூட்டியே பேசி வைப்பார்கள். பெற்ற பிள்ளைகள் எல்லாம் தங்கிய கைராசிக்காரியாக இருக்கவேண்டும். நான் ஒற்றைப் பிள்ளைக்காரி, யாரும் பேசி வைக்காதவள். இருந்தாலும் வழக்கம் தெரியும். எல்லாம் புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மழையில், இவ்வளவு நேரம், இந்தச் சின்ன உயிரை விட்டுவிட்டு ஒளிந்திருக்கிறார்களே.

"யாரு அங்கன? வெளிய வாங்க. வந்து பிள்ளைய வாங்கிக்கிடுங்க" என்று உரக்கச் சொன்னேன்.

மரத்துக்குப் பின்னால் எதுவோ விழுந்தது. ஒரு நாழி உருண்டுவர, பின்னாலேயே தவிடு மணலில் சிந்தியது. யாரும் வரவில்லை.

"வாங்கன்னா" என்றேன் மறுபடி. ஒரு ஆண் குரல், பயந்த மாடு கனைப்பதுபோல, என்னமோ முனகியது.

எனக்கு விளங்கவில்லை. கேட்காமலே வந்து எடுத்தேன், பாலும் கொடுத்தேன், இன்னும் ஏன் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு பெண் வெளியே வந்தாள். நடந்து வரவில்லை. முழங்காலிட்டுத் தவழ்ந்து, தலையைத் தூக்காமல், என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவளாக இருப்பாள். என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நெற்றியை மணலில் வைத்தாள்.

"தாயே, காலம்பறயிருந்து எத்தனையோ வண்டி போச்சு. ஒருத்தரும் நிக்கல. வாரேன்னு சொன்ன அக்காளும் ஆத்து வெள்ளத்துல வரமாட்டாம கெடக்கா. நீயே எறங்கி வந்துட்டே" என்றாள்.

அன்று காலை நாங்குநேரிக் குளத்தில் தலைமுழுகி, காயட்டும் என்று கூந்தலை விரித்தே விட்டிருந்தேன். முகத்தில் மஞ்சள். மாமியார் கொடுத்துவிட்ட அரக்குச் சேலை. கையில் இரும்பு. மார் நனைந்து, மடியில் பிள்ளை. வண்டி கரைக்கு அந்தப் பக்கம் நின்றதால் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. நான் வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை, அவர்களுக்கு எப்படிக் கேட்கும்.

"தாயே, மூணை எடுத்துட்டே. நான் ஒண்ணும் சொல்லல. இத மட்டும் விட்டுரு" என்றாள்.

நான் சீவலப்பேரிக்காரி, இன்னாருடைய மகள், தீபாவளிக்குப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவள் சேலை கண்ணில் பட்டது. அவளுக்கும் மார் நனைந்து, மணல் அப்பியிருந்தது. தன் பிள்ளை கதறுவதைப் பனைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நான் யார் என்று சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? கைராசிக்காரி வரவில்லை, சாமியும் வரவில்லை, வழியில் போன ஒற்றைப் பிள்ளைக்காரி தொட்டுவிட்டாள். இந்தப் பிள்ளை தும்மினால் கூட அவள் செத்துப்போவாள். சொல்லாவிட்டால், இசக்கியின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு இசக்கியாக நான் பேச வேண்டும். என் பிள்ளை கரைக்கு அந்தப் பக்கம் தூளியில் கிடக்கிறாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"விட்டுட்டேன்" என்றேன். "இவன் ஒனக்குத்தான்."

அவள் புருஷன் பின்னாலிருந்து, சிந்தின தவிட்டை மணலோடு அள்ளி நாழியில் போட்டு, கொண்டுவந்து என் முந்தானையில் கொட்டினான். பிள்ளையை அவள் கையில் வைத்தேன். அவன் குடித்த களைப்பில் தூங்கிப்போயிருந்தான். அவள் முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நாலு அடி போனாள். போனவள் நின்றாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாயே, ஒண்ணு கேக்கட்டா" என்றாள்.

"கேளு."

"அந்த மூணுக்கும் பால் குடுக்கியா?"

எனக்குப் பின்னால் அந்த மண் பிள்ளைகள் கிடந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுக்கேன்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "நேரா நேரத்துக்குக் குடுக்கேன். ஒண்ணும் பசியோட இல்ல."

அவள் தலையாட்டினாள்.

"நடுவுள்ளவ பையத்தான் குடிப்பா. வெளாட்டுப் பிள்ள. அவசரப்படுத்தீராத" என்றாள்.

"சரி" என்றேன்.

வண்டிக்கு வந்ததும் தூளிக்குள் கைவிட்டு என் மகளை எடுத்தேன். தூங்குகிற பிள்ளையை எதுக்கு எழுப்புதே என்றார் மாமா. எழுப்பிக் கொடுத்தேன். அவள் நிறுத்தி நிறுத்தி, என் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டு குடித்தாள். அவளாக வாயை எடுக்கிறவரை வண்டியை நகர்த்த நான் விடவில்லை.